பேண்டுக்கு முன்னால் வெர்டெல்

அலபாமாவில் இருக்கிற எங்கள் டெல்மோரில் வெர்டெல் ஹாக்கின்ஸ் ஓட்டும் மஞ்சள் பஸ்ஸில் ஏறாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. மேயர் அதில் ஏறியிருக்கிறார். மேயரைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடித்த போலீஸ்காரரும் அதில்தான் ஏறியிருக்கிறார். சின்ன வயதில் ஒருவன் தலையில் இன்னொருவன் சூயிங்கம் ஒட்டியதற்காக இரண்டு பேரையும் காதைப் பிடித்துத் தூக்கித் தன் கண் முன்னால் உட்கார வைத்தவள் வெர்டெல். இப்போதும் அவர்கள் அவளை வழியில் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்கள்.

வாய் கொஞ்சம் அதிகம், அதை மறைப்பானேன். "ஏறு கண்ணு, ஏறு! ஆடி அசைஞ்சு வர்றதுக்கு இது என்ன உன் கல்யாண ஊர்வலமா?" என்று அவள் காலையில் போடும் சத்தத்தில்தான் பாதித் தெரு எழுந்திருக்கும். ஆனால் அவள் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை இருக்கும். குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வருகிற பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்று பறந்து வரும். யார் கொடுத்தது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சே இருக்காது. புருஷன் ஆல்வின் காகித ஆலையில் வேலை பார்த்துச் செத்துப்போனான். ஒரே மகன் அட்லாண்டாவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மற்ற ஆறு நாளும் அவளுக்குப் பஸ் நிறையப் பிள்ளைகள்.

மாலையில் அவள் பஸ்ஸைக் கொண்டுபோய் விடுகிற ஷெட் இருக்கிறதே, அது முன்பு ஒரு பள்ளிக்கூடம். கறுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த டெல்மோர் டிரெய்னிங் ஸ்கூல். பெயரில்தான் டிரெய்னிங், ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பாடமும் உண்டு, அலபாமா முழுக்கப் பேர் வாங்கிய பேண்டும் உண்டு. வெர்டெலின் பஸ் எண்ணெய் சொட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் அந்த பேண்டு பயிற்சி செய்தது. அங்கேதான் ஒரு வசந்த காலத்தில், பேண்டு மாஸ்டர் லெட்பெட்டர் பதினாறு வயது வெர்டெலைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பேண்டுக்கு முன்னால் வெள்ளிக்கோலைச் சுழற்றிக்கொண்டு நடக்கப் போகிற தலைமை மேஜரெட் நீதான் என்று சொன்னார். "உன் காலு பேசுது வெர்டெல். வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கிட்டா நீ எங்கேயோ போயிடுவ" என்றாராம்.

அவள் எங்கேயும் போகவில்லை. அந்தக் கோடையில் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

வெள்ளைப் பிள்ளைகள் படித்த ஹைஸ்கூலையும் எங்கள் டிரெய்னிங்கையும் ஒன்றாக்கு என்று கோர்ட்டு சொன்னது. ஒன்றாக்குவது என்றால் எங்கள் கவுண்டி நிர்வாகத்தின் அகராதியில் நம்முடையதை இழுத்துப் பூட்டுவது என்று அர்த்தம் போலிருக்கிறது. கோப்பைகள், சுவரில் மாட்டியிருந்த படங்கள், கட்டுக்கட்டாக இசைத்தாள்கள் எல்லாம் லாரியில் ஏறிக் குப்பை மேட்டுக்குப் போயின. அத்தனை பெரிய மனிதர் லெட்பெட்டரை ஹைஸ்கூலில் கழிப்பறை வாசலில் நின்று பிள்ளைகளைக் கண்காணிக்கச் சொன்னார்கள். வருஷம் முடிவதற்குள் அவர் டெட்ராய்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். நல்ல வேளை, அதற்கு மேல் அவர் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலை வெர்டெல் தன் கோலைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போனாள். சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. ஹைஸ்கூல் வாசற்படியில் அவர்கள் பேண்டு வரிசையாக நின்றது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர்களுடைய வெற்றிப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். முடிந்ததும் மறுபடி, முடிந்ததும் மறுபடி, கடைசிப் பிள்ளை உள்ளே போகிற வரைக்கும். சுற்றி நின்ற கூட்டம் கூடவே பாடியது. அந்தப் பாட்டில் எங்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வெர்டெலுக்கு அந்த வரியைவிடப் பெரிய தொல்லை அவளுடைய கால்தான். தாளம் கேட்டால் அவள் கால் தானாக அதில் போய் விழும். அப்படிப்பட்ட கால். அந்தப் பாட்டுக்கு ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே நொண்டி போலத் தாளம் தப்பித் தப்பி அந்தப் படிகளில் ஏறினாள். உள்ளே போய்க் கேட்டபோது, பேண்டுக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்றார்கள். கோல் துணிப்பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

அப்புறம் ஊர் மாறிற்று. வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் பிள்ளைகளைக் காசு கட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஹைஸ்கூலில் அனேகமாக எல்லாமே எங்கள் பிள்ளைகள்தான். பாட்டின் வரிகளை யாரோ புண்ணியவான் மாற்றி எழுதினார். மெட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் அது வாசிக்கப்படும்போது வெர்டெல் வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். அவளோடு டிரெய்னிங்கில் படித்த ருஃபஸ் டார்டன் வீட்டு ஜன்னலும் அப்படியே. டிரெய்னிங்கில் படித்த யாருமே அந்த ஆட்டத்துக்குப் போவதில்லை. ஏன் போவதில்லை என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னதும் இல்லை.

வெர்டெல் மட்டும் என்ன ஒழுங்கு? பிப்ரவரி மாதம் வந்தால் பள்ளியில் கறுப்பர் வரலாறு கொண்டாடுவார்கள். வருஷா வருஷம் அதே நாலு பெரியவர்கள், அதே அட்டைப் படங்கள். பஸ்ஸில் பிள்ளைகள் உருப்போட்டுக்கொண்டே வருவார்கள். ஒரு தரம் கியானா ப்ராட்நாக்ஸ் என்ற பெண், நல்ல சூட்டிகை, "நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கல மிஸ் வெர்டெல், எல்லாம் வேற ஊர்லதான். நம்மூரு சுத்த போர்" என்றாள். வெர்டெல் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிட்டது. கதவைத் திறந்து, "ஏறு, ஏறு" என்று யாரையோ அதட்டினாள். பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியாது என்பது அன்றே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் முதல் வாரத்து நீண்ட விடுமுறையில், டிரெய்னிங்கில் படித்தவர்கள் டெட்ராய்ட், சிகாகோ என்று எங்கெங்கிருந்தோ ஊருக்குத் திரும்புவார்கள். நீலமும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, இல்லாத பள்ளிக்காக சர்ச் தெருவில் ஊர்வலம் போவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அலங்கரித்த வண்டி. எல்லாருக்கும் முன்னால் ஒரு பிக்கப் டிரக்கில் டேப் ரெக்கார்டர் ஏதோ ஒரு அணிவகுப்பு இசையைக் கத்திக்கொண்டு போகும். வெர்டெல் அதில் ஒருமுறைகூட நடந்ததில்லை. சர்ச் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "அந்த ஓட்ட டப்பாவுக்கு முன்னால நடக்கிறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?" என்பாள்.

அறுபதை நெருங்கிய வருஷம், விழாக் கமிட்டியில் எழுந்து நின்று ஒரு குண்டைப் போட்டாள். ஹைஸ்கூல் பேண்டைக் கூப்பிட வேண்டுமாம். அவள் அதற்கு முன்னால் நடக்க வேண்டுமாம்.

கமிட்டித் தலைவர் ருஃபஸ் டார்டன், அந்தக் காலத்தில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதியவர், இப்போது சர்ச்சில் டீக்கன், மூப்பர் மாதிரி. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? அந்தப் பசங்க போட்டிருக்கிறது எந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்?"

"யூனிஃபார்ம் எவனுதா இருந்தா என்ன? உள்ள இருக்கிறது நம்ம புள்ளைங்க. உன் தங்கச்சி பேரன் அதுலதான்யா டிரம் அடிக்கிறான்!"

"அவனா? அவனுக்கு டிரம்மும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது."

"நீ சொல்லிக் கொடுத்தியா, தெரியறதுக்கு?"

கூட்டம் சிரித்தது. ருஃபஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெர்டெல் குரலை இறக்கினாள். அவள் குரலை இறக்கி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. "ஒரே ஒரு தடவை, ருஃபஸ். மூச்சு விடுற பேண்டுக்கு முன்னால ஒரே ஒரு தடவை நடந்துடறேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்."

அதற்கப்புறம் யார் மறுத்துப் பேசுவார்கள்?

கியானா இப்போது பேண்டின் தலைவி. விசில் ஊதி, கையை வீசி மொத்தக் கூட்டத்தையும் நடத்துகிறவள். பஸ்ஸில் வெர்டெல் கேட்டதும் பெண் குதித்தாள். "நாங்க வர்றோம்! எதை வாசிக்கணும்?"

"உங்களுக்கு நல்லா வர்றத வாசிங்க கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றாள் வெர்டெல். வாயை அடக்க வேண்டிய இடத்தில் அடக்காதவள், பேச வேண்டிய இடத்தில் இப்படி விட்டுவிட்டாள். டிரெய்னிங்கின் ஊர்வலத்தில் அந்த மெட்டை வாசிக்க எவனுக்காவது கை வருமா? அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். கொல்லைப்புறத்தில் கோலைச் சுழற்றி இரண்டு தக்காளிச் செடிகளை ஒடித்தாள். பழைய வெள்ளைப் பூட்ஸ் காலில் ஏற மாட்டேன் என்றது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி, அதில் நீலக் குஞ்சம் தைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை சர்ச் தெருவில் அவளைப் பார்த்த ருஃபஸே, "பரவாயில்ல, இன்னும் ஆளு கெத்தாத்தான் இருக்கே" என்றார். அவள் வெட்கப்பட்டாள். சத்தியமாக வெட்கப்பட்டாள்.

முன்னால் வெர்டெல். பின்னால் பளபளவென்று பேண்டு. அதற்கும் பின்னால் டிரெய்னிங்கின் கிழவர்கள், கிழவிகள். கியானா விசில் ஊதினாள். டிரம் உருண்டது. டிரம்பெட்டுகள் எழும்பின.

அதே பாட்டு.

வெர்டெல் நின்றுவிடவில்லை. நாலைந்து அடி நடந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டால் போதும், தெருக்கோடி வரைக்கும்தானே. பிள்ளைகளுக்குத் தெரியப் போவதில்லை. வாழ்நாள் பூராவும் காத்திருந்தது கையில் இருக்கிறது. ஆனால் அவள் கால் கேட்கவில்லை. அது தானாகவே தாளம் தப்பியது. நொண்டியது. ஓரத்தில் நின்று பார்த்தவர்கள், பாவம் முழங்கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். ருஃபஸ் வரிசையை விட்டு விலகி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி மடியில். மற்றவர்கள் நடக்கவுமில்லை, விலகிப் போகவுமில்லை. நடுவில் இந்தப் பிள்ளைகள், கன்னம் உப்ப ஊதிக்கொண்டு, அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், நன்றாக இருக்கிறதா மிஸ் வெர்டெல், நன்றாக இருக்கிறதா என்று. அவளுக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கோலைக் குறுக்கே உயர்த்தினாள். பேண்டு சிதறி நின்றது. ஒரு டிரம்பெட் மட்டும் இரண்டு சுரம் அதிகமாக ஊதிவிட்டு அசடு வழிந்தது.

கியானா ஓடி வந்தாள். "தப்பா வாசிச்சிட்டோமா? ஒரு மாசமா இதத்தான் பிராக்டீஸ் பண்ணோம். எங்களோட பெஸ்ட் இதுதான்."

"தப்பே இல்லடி கண்ணு. ஒரு சுரம்கூடத் தப்பல."

"கூப்பிடாத, கூப்பிடாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்று ருஃபஸ் நடைபாதையிலிருந்து கத்தினார்.

"நீ வாயை மூடு ருஃபஸ்! இதுங்களுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா? நான் சொன்னேனா?" அவரிடம் கத்திவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். நடுத்தெருவில், கையில் கோலோடு, சொன்னாள். மூடிய பள்ளியை, லாரியில் போன கோப்பைகளை, வாசற்படியில் நின்ற பேண்டை, இந்தப் பாட்டை. நீட்டி முழக்கவில்லை. அவளுக்கே அது எவ்வளவு சின்னக் கதையாக இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

"நம்ம ஊர்லயா?" என்றாள் கியானா.

"நீ தினமும் ஏறிப் போற அதே படிதான்."

"பிப்ரவரில நான் பரிசெல்லாம் வாங்கினேனே…" தலையிலிருந்த உயரத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, "சரி. உங்க பேண்டு வாசிச்ச மெட்டு எப்படிப் போகும்? சொல்லுங்க, இப்பவே புடிச்சிக்கறோம்" என்றாள்.

கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாள்தான் குப்பைக்குப் போயிற்றே, பாடி நினைவு வைத்துக்கொள்ள அதற்கு வார்த்தையும் கிடையாது. மெட்டை வாசித்த டிரம்பெட்காரர்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் பின்னால் மண்ணுக்கடியில் படுத்திருக்கிறார்கள். கோரா லீ என்ற அம்மாள் அந்த பேண்டில் மூன்றாவது கிளாரினெட் ஊதியவர். "எனக்குத் தெரியும்!" என்று முன்னால் வந்து, "தூ…" என்று ஒரு நீளமான சுரம் பாடினார். நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அப்புறம் நான் சும்மா இருக்கணும். ரொம்ப நேரம். மறுபடி ஒரு 'தூ'."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். கோரா லீயே முதலில் சிரித்துவிட்டார். கியானா வெர்டெலைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதடி. எனக்கு மெட்டு வராது. நான் ஊதினவ இல்ல, நடந்தவ."

"அப்ப நடங்க."

வெர்டெல் கோலை இடுப்பில் ஊன்றினாள். கண்ணை மூடினாள். முழங்காலைத் தூக்கினாள். தைலமெல்லாம் ஒன்றும் வேலை செய்யவில்லை, வலி உயிர் போயிற்று. இரண்டு அடி நீளமாக, ஒரு தேய்ப்பு, மூன்று அடி வேகமாக, ஒரு நிறுத்தம். மறுபடி. லெட்பெட்டர் சொன்னது பொய்யில்லை, அந்தக் கால் எதையும் மறந்திருக்கவில்லை. ருஃபஸின் தங்கச்சி பேரன் அவள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன டிரம்மில் மெதுவாகத் தட்டினான். தப்பியது. மறுபடி தட்டினான், பிடித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவனும் பிடித்துக்கொண்டான். பெரிய டிரம்மும் சேர்ந்துகொண்டபோது தெருவே அதிர்ந்தது.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பூம்… பபா பூம்…" என்று ஆரம்பித்துவிட்டார் ருஃபஸ். டியூபா ஊதுகிற பெண் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு அதை அப்படியே ஊதினாள். "அழுத்தி ஊது பொண்ணே, சோறு தின்னல?" என்று அதட்டிக்கொண்டே அவர் எழுந்து அவளோடு நடக்க ஆரம்பித்தார்.

மெட்டு மட்டும் வரவில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை. டிரம்பெட் பிள்ளைகள் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊதாமலே நடந்தார்கள். அவர்கள் இடத்தை யாரும் எதையும் வைத்து நிரப்பவில்லை. தாளமும் பூம்பூமும் கோரா லீயின் எப்போதாவது ஒரு 'தூ'வும் மட்டும்தான். அதற்கு முன்னால் வெர்டெல் ஹாக்கின்ஸ் நடந்தாள். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். கோலை ஒருமுறை மேலே எறிந்தாள். பிடித்தாளா என்று கேட்காதீர்கள், பிடித்தாள். இரண்டாவது முறை விழுந்துவிட்டது. அவளால் குனிய முடியவில்லை. கியானா எடுத்துக் கொடுத்தாள்.

மதியம் சர்ச் முற்றத்தில் எல்லாரும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சாலடும் தின்றுகொண்டிருந்தார்கள். வெர்டெல் முழங்காலில் ஐஸ் மூட்டையை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கியானா தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிண்டர்கார்டன்லேர்ந்து உங்க பஸ்ஸுலதான் வர்றேன்" என்றாள். "ஏன் சொல்லவே இல்ல?"

நீ கேட்கவில்லையே என்பது வெர்டெலின் நாக்கு நுனிக்கு வந்தது. அது உங்கள் டீச்சர் வேலை என்பதும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"சொன்னா அழுதுடுவேன்னு பயம்டி. பஸ் நிறைய புள்ளைங்கள வச்சுக்கிட்டு அழுதா, ரோடு எப்படித் தெரியும்?"

கியானா மீனிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஓரமா நிறுத்தியிருக்கலாமே, மிஸ் வெர்டெல்."

வெர்டெல் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், ஐஸ் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.